நீரிழிவும் சர்க்கரை நோயும்: பட்டியலுக்கு எப்படிப் புரியவைப்பது?

கேள்வி: எங்கள் நூலகத்தின் கணினிப் பட்டியலில் 'நீரிழிவு' என்று தேடினால் சில நூல்களும், 'சர்க்கரை நோய்' என்று தேடினால் முற்றிலும் வேறு நூல்களும் வருகின்றன. 'ஆன்டாலஜி' இக்குறையைத் தீர்க்கும் என்கிறார்களே, அது என்ன?
- நூலகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் பட்டியல் எழுத்தை எழுத்தோடு ஒப்பிடுகிறதே தவிர, இரண்டு சொல்லும் ஒரே நோயைக் குறிப்பவை என்பதை அறியாது. சொல்லுக்குப் பதிலாகக் கருத்தை அலகாகக் கொண்டு, ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் அடையாள எண் தந்து, பிற கருத்துகளோடு அதற்குள்ள உறவையும் கணினி கையாளும் வடிவில் எழுதிவைப்பதே ஆன்டாலஜி. நீரிழிவு, சர்க்கரை நோய், டயாபடீஸ் மூன்றும் ஒரே எண்ணின்கீழ் வரும். 'வேங்கை' மரத்துக்கும் வேங்கைப் புலிக்கும் வெவ்வேறு எண்கள் கிடைக்கும்.

இவ்வழியில் நெடுந்தூரம் சென்றவர்கள் மருத்துவ நூலகர்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960இல் 'மெஷ்' என்னும் பொருள்தலைப்புத் தொகுதியை வெளியிட்டது. இன்று பப்மெட் என்னும் மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் ஆங்கிலத்தில் 'ஹார்ட் அட்டாக்' என்று தட்டினால், 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்று அதன் மருத்துவப் பெயரில் அமைந்த மெஷ் தலைப்பும் தேடலில் தானாகச் சேர்கிறது; நீரிழிவுத் தலைப்பில் தேடினால் அதன் முதல் வகை, இரண்டாம் வகை பற்றிய கட்டுரைகளும் உடன் வருகின்றன. கறாராகச் சொன்னால் மெஷ் ஆன்டாலஜி அன்று, அதற்கு முந்தைய படி; எது எதன்கீழ் அடங்கும் என்பதையே அது பெரும்பாலும் காட்டுகிறது. இன்சுலின் நீரிழிவுக்கு மருந்து, விழித்திரைப் பாதிப்பு நீரிழிவின் விளைவு என உறவின் தன்மையையே பெயரிட்டுச் சொல்வது ஆன்டாலஜி. ஆகவே 'நீரிழிவால் வரும் கண் நோய்கள்' என்று தேடுபவருக்கு, தலைப்பில் நீரிழிவு என்ற சொல்லே இல்லாத நூலும் அகப்படும்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் என்னும் நூல் பகுப்புமுறையில், 'நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை' என்பதை உறுப்பு, நோய், சிகிச்சை எனக் கூறுகளாகப் பிரித்துக் குறியிட இடமிருந்தது. ஆன்டாலஜியின் வேர் அங்கேயே இருக்கிறது என்பது என் கருத்து.

உங்கள் சிக்கலுக்கோ இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. மார்க் 21 என்னும் நூலகப் பதிவு வடிவத்தில், ஒரு தலைப்பையும் அதன் மாற்றுப் பெயர்களையும் சேர்த்துவைக்கும் அதாரிட்டி பதிவில் 150ஆம் புலத்தில் 'நீரிழிவு' என்ற தலைப்பையும், 450ஆம் புலத்தில் மற்றப் பெயர்களையும் இட்டாலே பாதி வேலை முடியும். ஆனால் உங்கள் மென்பொருள் தேடும்போது அப்பதிவுகளைப் பார்க்கிறதா என்பதை முதலில் சோதித்துவிடுங்கள். பார்க்காவிட்டால் உழைப்பு முழுவதும் வீணாகும்.