வெளிநாட்டில் மோட்டார்ஹோமில் சுற்றும்போது இரவில் எங்கே நிறுத்தித் தங்குவது?

அடுத்த ஆண்டு குடும்பத்தோடு நியூசிலாந்து போய், மோட்டார்ஹோம், அதாவது படுக்கையும் சமையலறையும் கழிப்பறையும் உள்ள வண்டி, வாடகைக்கு எடுத்துச் சுற்றப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். சாலையோரம் எங்கு வேண்டுமானாலும் நிறுத்தித் தூங்கலாமா, நல்ல இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, வயதான பெற்றோருக்கு அது ஒத்துவருமா என்பவை உங்கள் கேள்விகள். முதல் கேள்விக்குப் பதில், கூடாது என்பதுதான். மூன்றாவதற்கு, தாராளமாக ஒத்துவரும். இரண்டாவதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மார்ச் மாதக் கடைசியில் நானும் கணவரும் என் அப்பாவும் அந்நாட்டின் தெற்குத் தீவில் பன்னிரண்டு இரவுகள் வண்டியிலேயே தங்கினோம். கிறைஸ்ட்சர்ச்சில் வண்டியை எடுத்து, டெக்காப்போ ஏரி, மவுண்ட் குக், வனாக்கா, ஹாஸ்ட் கணவாய், மேற்குக் கடற்கரை, ஆர்தர்ஸ் பாஸ் என்று ஒரு வட்டம் அடித்து, மறுபடியும் கிறைஸ்ட்சர்ச்சில் திருப்பிக் கொடுத்தோம். அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். தமிழ்நாட்டு ஓட்டுநர் உரிமத்தில் விவரங்கள் ஆங்கிலத்திலேயே இருப்பதால் அதைக் காட்டியே வண்டியை எடுத்தோம். நானும் கணவரும் மாறி மாறி ஓட்டினோம்.

அப்பாவுக்கு அப்போது 71 வயது. தண்டையார்பேட்டைக்காரர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்னைத் துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்பதை வடசென்னைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில், கேபினிலேயே சமைத்துச் சாப்பிட்டு, இரண்டு நாள் மூன்று நாள் என்று தூங்கி எழுந்தவர் அவர். பயணத்துக்கு முன் நான் வரைபடத்தைக் காட்டி இடங்களைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் இரண்டே கேள்விகள் கேட்டார். "தண்ணீர் எங்கே பிடிப்பது? காலையில் வண்டியை எப்படி வெளியே எடுப்பது?" காட்சி எப்படி, வாடகை எவ்வளவு என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. நான் அந்த நாட்டைப் பற்றிப் படித்த எல்லாவற்றையும் விட இந்த இரண்டு கேள்விகள்தான் எங்களுக்குக் கைகொடுத்தன.

முதலில் சட்டம். நியூசிலாந்தில் பொது இடத்தில் வண்டியில் இரவு தங்குவதை ஃப்ரீடம் கேம்பிங் என்கிறார்கள். அதற்கென 2011-ல் ஒரு சட்டம் வந்தது. 2023-ல் அதை இறுக்கினார்கள். உள்ளூராட்சி நிலங்களில் பொதுவாக 'செல்ஃப் கன்டெய்ன்ட்' என்று சான்று பெற்ற வண்டிகள்தான் நிற்கலாம். குடிநீர், கழிவுநீர், கழிப்பறை எல்லாவற்றையும் வண்டியே மூன்று நாளுக்குத் தாங்க வேண்டும். கழிப்பறை வண்டியோடு பொருத்தப்பட்டதாக இருக்க வேண்டும். படுக்கையை விரித்துப் போட்ட பிறகும் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும். தூக்கி வெளியே வைக்கிற சிறிய கழிப்பறை இப்போது செல்லாது. புதிய சான்றுக்கு அடையாளம் வண்டியில் ஒட்டும் பச்சை வில்லை. வாடகை வண்டியை முன்பதிவு செய்யும்போதே அது இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வில்லை இருந்தாலும் ஒவ்வோர் ஊருக்கும் தனி விதி உண்டு. ஓர் ஏரிக்கரையில் இரண்டு இரவு தங்கலாம் என்பார்கள்; அடுத்த ஏரிக்கரையில் இரவில் நிற்கவே கூடாது என்று பலகை இருக்கும். பலகையில் எழுதியிருப்பதே முடிவு. மீறினால் நூற்றுக்கணக்கான டாலர் அபராதம்.

தங்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்று வகை. இப்போது சொன்ன இலவச இடங்கள் ஒன்று. அங்கே கோடு போட்டுப் பிரித்த சில இடங்கள் மட்டும் இருக்கும். முதலில் வந்தவருக்கே இடம். இரண்டாவது, அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் முகாம்கள். அந்தத் துறையை அங்கே எல்லோரும் சுருக்கமாக 'டாக்' என்கிறார்கள். அதன் முகாம்கள் நாடு முழுதும் இருநூறுக்கும் மேல் இருக்கின்றன. சில இலவசம், மற்றவற்றில் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம். பெரும்பாலும் ஒரு கழிப்பறை, ஒரு தண்ணீர்க் குழாய், சுற்றிலும் மலையோ காடோ ஏரியோ, அவ்வளவுதான். எனக்குப் பிடித்தவை இவைதான். மூன்றாவது, ஹாலிடே பார்க் எனப்படும் தனியார் முகாம்கள். மின் இணைப்பு, வெந்நீர்க் குளியல், துணி துவைக்கும் இயந்திரம், பொதுச் சமையலறை, கழிவு இறக்கும் வசதி எல்லாம் இருக்கும். செலவு அதிகம். எங்கே எது இருக்கிறது என்பதைப் பார்க்க கேம்பர்மேட் என்ற செயலி இருக்கிறது. தண்ணீர்க் குழாய், கழிப்பறை, கழிவு இறக்கும் இடம் எல்லாவற்றையும் வரைபடத்தில் காட்டும். மலைப்பகுதியில் சிக்னல் கிடைக்காது; வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எதில் தங்குவது என்று குழம்ப வேண்டாம். தண்ணீர்தான் அதை முடிவு செய்யும். எங்கள் வண்டியின் நன்னீர்த் தொட்டி 90 லிட்டர். அப்பா அதைக் கேட்டதும், "ஆறு குடம்" என்றார். எங்கள் தெருவில் சின்டெக்ஸ் தொட்டிக்கு மெட்ரோ வாட்டர் லாரி வரும் நாட்களில் வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு வைத்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். பாத்திரம் கழுவிய நீர், அரிசி களைந்த நீர், துணி அலசிய நீர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாளி. அந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு மோட்டார்ஹோம் வாழ்க்கை கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றே இல்லை. மூன்று பேருக்கு ஆறு குடம் என்றால் சமையல், பாத்திரம், ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்வது என்று இரண்டு இரவுக்குத் தாராளம். மூன்றாம் நாள் தொட்டி காலி. ஆகவே இரண்டு இரவு டாக் முகாமிலோ இலவச இடத்திலோ, மூன்றாவது இரவு ஹாலிடே பார்க்கில் என்று வைத்துக்கொண்டோம். அந்த மூன்றாவது இரவில் எல்லோரும் தலைக்குக் குளித்து, துணி துவைத்து, தொட்டியை நிரப்பி, கழிவை இறக்கிவிடுவோம். பன்னிரண்டு இரவும் இந்தத் தாளத்திலேயே போயிற்று.

முதல் இரவு மட்டும் தாளம் தப்பியது. வண்டியைக் கையில் வாங்கி, அடுப்பு, ஹீட்டர், கழிவுக் குழாய் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, கடையில் அரிசி பருப்பு வாங்கிக் கிளம்பவே மாலை நாலரை ஆகிவிட்டது. நான் குறித்து வைத்திருந்த இலவச இடத்தை ஏழரைக்கு அடைந்தபோது ஓர் இடம் கூட மிச்சமில்லை. இருட்டிவிட்டது. விமானப் பயணக் களைப்போடு, பழகாத ஏழு மீட்டர் வண்டியை, தெருவிளக்கே இல்லாத சாலையில் இன்னும் நாற்பது நிமிடம் ஓட்டினேன். கை நடுங்கியது. ஒரு ஹாலிடே பார்க்கை அடைந்தபோது அலுவலகம் பூட்டியிருந்தது. வாசலில் ஒரு பலகை. தாமதமாக வருகிறவர்கள் இன்ன எண்ணுள்ள இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம், காலையில் பணம் கட்டினால் போதும் என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி நின்றதும், "வெளிச்சம் இருக்கும்போதே ஒதுங்கிவிட வேண்டும்மா. நாளையிலிருந்து நான்கு மணிக்கு நிறுத்திவிடு" என்றார். அதற்குப் பிறகு ஒரு நாளும் ஐந்தைத் தாண்டவிடவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் காபி குடிக்கும்போதே அன்றிரவுக்கு ஓர் இடம், அது நிறைந்துவிட்டால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் கட்டணம் கட்டித் தங்க ஒரு ஹாலிடே பார்க் என்று மூன்றையும் தாளில் எழுதிவிடுவேன். நாளுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள். வளைவுகளும் ஒற்றை வழிப் பாலங்களும் நிறைய. உங்கள் பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிட வேண்டும். வரைபடச் செயலி சொல்லும் நேரத்தில் மோட்டார்ஹோம் போய்ச் சேராது.

கழிவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இது அருவருப்பான விஷயம் என்று பலரும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். வண்டியில் இரண்டு கழிவுகள். சமையல், குளியல் நீர் ஒரு தொட்டியில் சேரும். கழிப்பறைக்குக் கீழே சூட்கேஸ் போல இழுத்து எடுக்கும் ஒரு பெட்டி. இரண்டையும் டம்ப் ஸ்டேஷன் என்ற இடத்தில் மட்டும்தான் கொட்ட வேண்டும். பல ஊர்களில் அது இலவசம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கழிவைக் கழுவ ஒரு குழாயும் குடிநீருக்கு வேறு குழாயும் இருக்கும், மாற்றிவிடாதீர்கள். ஐந்தாம் நாள் நாங்கள் கொஞ்சம் அசட்டையாக இருந்தபோது குளியல் தரையில் அழுக்கு நீர் எதிர்த்து ஏறி வந்தது. கழிவுத் தொட்டி நிறைந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இருட்டில் யாருக்கும் தெரியாமல் அந்த நீரைப் புல்லில் திறந்துவிடுகிறவர்களை ஒரு முகாமில் பார்த்தோம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கொடுங்கையூர் குப்பைமேட்டின் புகையைச் சுவாசித்து வளர்ந்தவள் நான். ஊரெல்லாம் கழித்ததை நம் தலைமாட்டில் கொட்டினால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த ஏரிக்கரைக்குப் பக்கத்திலும் குழந்தைகள் வளர்கிறார்கள். இலவச இடங்களை ஊர்கள் மூடியதற்கும் சட்டம் இறுகியதற்கும் இந்த அசிங்கம் ஒரு முக்கியமான காரணம். கெஞ்சிக் கேட்கிறேன், ஒரு குவளை நீரைக் கூட அப்படிக் கொட்டாதீர்கள்.

அப்பாவின் இரண்டாவது கேள்விக்கும் வருகிறேன். புல்தரை மாலையில் உறுதியாக இருக்கும். இரவு மழை பெய்தால் காலையில் சக்கரம் புதையும். முடிந்தவரை சரளைமண்ணில் நிறுத்துங்கள். வெளியே போகும் திசையைப் பார்த்து நிறுத்துங்கள். பின்னோக்கி எடுக்கும்போது ஒருவர் இறங்கி நின்று வழிகாட்ட வேண்டும். அப்பா பின்னால் நின்று வண்டியைத் தட்டித் தட்டி "வரட்டும், வரட்டும்" என்று சொல்வதைப் பக்கத்து வண்டிக்காரர்கள் ரசித்துப் பார்த்தார்கள். தரை சாய்ந்திருந்தால் தூக்கம் வராது. மேசை மேல் ஒரு செம்பு தண்ணீர் வைத்தால் சாய்வு தெரிந்துவிடும். சக்கரத்துக்கு அடியில் வைக்கும் கட்டைகளை வாடகை நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள்.

சமையல் எரிவாயுவில்தான். மின் இணைப்பு இல்லாத இரவில் விளக்கும் குளிர்பெட்டியும் ஓடும்; மிக்ஸி ஓடாது. கடுகு தாளித்தால் புகை எச்சரிக்கை மணி முழுமுகாமையும் எழுப்பிவிடும், மேல்கூரைச் சாளரத்தைத் திறந்துவிட்டுத் தாளியுங்கள். இங்கிருந்து எடுத்துப்போகும் பொடி, ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றையும் விமான நிலைய அறிவிப்பில் எழுதிவிடுங்கள். அறிவிக்காமல் சிக்கினால் அங்கேயே 400 டாலர் அபராதம். மேற்குக் கடற்கரையில் சாண்ட்ஃப்ளை என்ற பூச்சி பகலில் பிய்த்தெடுக்கும், இருட்டியதும் போய்விடும். ஆர்தர்ஸ் பாஸில் கியா என்ற மலைக்கிளி வண்டியின் ரப்பரைக் கொத்திப் பிடுங்கும். வண்டிக்குப் பக்கத்திலேயே இருங்கள், கிளிக்குத் தீனி போடாதீர்கள்.

பெற்றோரைப் பற்றி. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே உள்ள படுக்கைக்கு ஏணியில் ஏற வேண்டும். அதில் நாங்கள் படுத்தோம். அப்பாவுக்குப் பின்பக்கத்துக் கீழ்ப்படுக்கை, கழிப்பறைக்கு இரண்டு எட்டு. வாசற்படி உயரம் என்பதால் ஒரு சிறிய முக்காலி வாங்கினோம். இரவில் ஹீட்டர் போட்டால் குளிர் தெரியாது. இவ்வளவு போதும்.

மவுண்ட் குக் அடிவாரத்தில் ஒயிட் ஹார்ஸ் ஹில் என்ற டாக் முகாமில் இருந்த இரவைச் சொல்லிவிடுகிறேன். நள்ளிரவில் ஒரு பெரிய முழக்கம். பதறி எழுந்தேன். அப்பா ஏற்கெனவே விழித்திருந்தார். "யாரோ கன்டெய்னரை இறக்குகிறார்கள்" என்றார் தூக்கக் கலக்கத்தில். எதிரே இருந்த மலையில் பனிச்சரிவு. அவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு முக்காலியை வெளியே போட்டு உட்கார்ந்துவிட்டார். மேலே அவ்வளவு நட்சத்திரம். ஒவ்வொரு முழக்கத்துக்கும் மலைப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே விடிய விடிய இருந்தார். நாங்கள் காலையில் கிளம்புவதாகத் திட்டம். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்ததும், "தண்ணீர் எத்தனை குடம் மிச்சம் இருக்கிறது?" என்று கேட்டார். மூன்று என்றேன். "அப்படியென்றால் இன்னோர் இரவு இருக்கலாம்" என்றார். பணத்தைக் கட்டிவிட்டு இருந்தோம்.