வீட்டிலேயே கற்பிக்கும் வாரம்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

ஐந்தும் ஏழும் வயதான இரண்டு பிள்ளைகளுடன் இங்கு வந்து ஆறு மாதங்கள் ஆகின்றன என்றும், மூத்தவன் ஒவ்வொரு நாள் காலையிலும் வயிற்றுவலி என்று அழுகிறான் என்றும் எழுதியிருந்தீர்கள். இருவரையும் வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கச் சட்டம் இடம் தருமா, அப்படிச் செய்தால் ஒரு வாரம் எப்படி நடக்கும், பிள்ளைகள் ஆங்கிலம் வராமல் தனித்துப் போய்விடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். என் மகளையும் மகனையும் பத்து வயது வரை நான் வீட்டில்தான் படிக்கவைத்தேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் சட்டம். ஜெர்மனியில் இருக்கும் உறவினர் இது குற்றம் என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்த நாட்டைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி, அங்கே பிள்ளை பள்ளிக்குப் போயே ஆக வேண்டும். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பிள்ளையின் வயதுக்கும் திறனுக்கும் ஏற்ற முழுநேரக் கல்வியைப் பள்ளியின் மூலமாகவோ வேறு வழியிலோ கிடைக்கச் செய்யும் பொறுப்பைப் பெற்றோரிடமே ஒப்படைக்கிறது. அந்த ‘வேறு வழி’ என்னும் சொற்களுக்குள்தான் ஹோம்ஸ்கூலிங் அடங்குகிறது. தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டும் என்றோ, நாளுக்கு இத்தனை மணி நேரம் கற்பிக்க வேண்டும் என்றோ, பெற்றோர் ஆசிரியப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்றோ கட்டாயமில்லை. சாதாரணப் பள்ளியில் சேர்ந்திருக்கும் பிள்ளையை விலக்கிக்கொள்வதற்குத் தலைமையாசிரியருக்கு எழுத்தில் தெரிவிப்பதே பொதுவான நடைமுறை. சிறப்புக் கல்வித் தேவையுள்ளோருக்கான சிறப்புப் பள்ளியில் படிக்கும் பிள்ளையாக இருந்தால் கவுன்சிலின், அதாவது உங்கள் பகுதி உள்ளாட்சி மன்றத்தின், ஒப்புதல் தேவை. ஸ்காட்லாந்தில் அரசுப் பள்ளியிலிருந்து விலக்கவே ஒப்புதல் பெற வேண்டும் என்பதால், அங்கே குடிபெயரும் எண்ணம் இருந்தால் அதையும் நினைவில் வையுங்கள். வீட்டில் கற்கும் பிள்ளைகளைப் பதிவேட்டில் சேர்ப்பது தொடர்பான சட்ட மாற்றங்கள் அண்மைக் காலத்தில் முன்னெடுக்கப்பட்டு வருகின்றன. ஆகவே கடிதம் எழுதும் நாளில் உங்கள் கவுன்சிலின் பக்கத்தில் உள்ள விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஆனால் வயிற்றுவலி ஒன்றை மட்டும் காரணமாக வைத்து இந்த முடிவை எடுக்காதீர்கள். புதிய மொழி சூழ்ந்திருக்கும் இடத்தில் பல பிள்ளைகள் சில மாதங்கள் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார்கள். அந்தக் காலம் அவர்களுக்கு மிகவும் களைப்பானது. வகுப்பாசிரியரைச் சந்தித்து, மூத்தவன் யாருடன் விளையாடுகிறான், இடைவேளையில் எங்கே நிற்கிறான் என்று கேளுங்கள். அந்தப் பதிலைக் கேட்ட பிறகும் உங்கள் மனம் வீட்டுக் கல்வியையே நாடினால், மேலே படியுங்கள்.

தொடங்கிய புதிதில் நான் செய்த தவறு, பள்ளியை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தது. காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை பாடவேளைகளை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். புதன்கிழமைக்குள் மகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, ‘அம்மா எப்போது திரும்பி வருவார்கள்?’ என்று என்னிடமே கேட்டாள். அந்தக் கேள்வி இன்றும் என் நெஞ்சில் இருக்கிறது. அன்று மாலையே அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்காகச் செலவாகும் நேரத்தில் பெரும்பகுதி வரிசை, காத்திருப்பு, அமைதிப்படுத்தல் ஆகியவற்றில் போகிறது. இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஐந்து வயதுக்காரருக்கு மேசையருகே நாற்பது நிமிடமும், ஏழு வயதுக்காரருக்கு ஒன்றரை மணி நேரமும் போதும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் வாரத்தில் திங்கள், செவ்வாய், வியாழன் ஆகிய மூன்று காலைகளே மேசைக்குரியவை. எழுத்தும் கணக்கும் அந்தக் காலைகளில் முடிந்துவிடும். ஆங்கில வாசிப்பை ஒலியிலிருந்து தொடங்கினோம்: 26 எழுத்துகளைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை எழுதும் மொழி அது என்பதால், எழுத்தின் பெயரைவிட அது தரும் ஒலியே பிள்ளைக்கு முதலில் தேவைப்படுகிறது. இங்குள்ள பள்ளிகளில் முதலாம் ஆண்டின் இறுதியில் 40 சொற்களை வாசிக்கச் சொல்லும் சோதனை உண்டு. அவற்றில் பாதி பொருளற்ற புனைசொற்கள். வீட்டில் கற்கும் பிள்ளைகள் அதை எழுத வேண்டியதில்லை என்றாலும், பொருள் தெரியாத சொல்லை ஒலிகூட்டி வாசிக்கவைக்கும் பயிற்சி நல்லது என்று கண்டு, நாங்களே சொற்களை உருவாக்கி வாசித்தோம். தமிழை அதே காலையில், தனி நோட்டில், சிறிது நேரமே கற்பித்தேன். ஒரு நாள் மகள், ‘கல், தங்கம், பகல் மூன்றிலும் ஒரே ககரம்தான், ஆனால் மூன்று விதமாகச் சொல்கிறோமே’ என்று தானாகக் கண்டுபிடித்தாள். ஆங்கில ஒலிகளைக் கவனித்துப் பழகிய காது தமிழையும் கவனிக்கத் தொடங்கியிருந்தது. இரண்டு மொழிகள் குழப்பும் என்று பலர் அச்சுறுத்துவார்கள். அந்தக் காலைக்குப் பிறகு எனக்கு அந்த அச்சம் இல்லை.

கணக்கைத் தமிழில் தொடங்குங்கள் என்று உங்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். ‘செவன்டீன்’ என்னும் சொல்லில் ஏழு முதலில் காதில் விழுவதால், என் மகன் பதினேழை 71 என்று எழுதிக்கொண்டிருந்தான். ‘பதினேழு’ என்று சொல்லவைத்தேன்; பத்து முதலில் வந்தது, ஏழு பிறகு வந்தது, எண்ணும் சரியாக விழுந்தது. ‘லெவன்’, ‘டுவெல்வ்’ என்ற சொற்களுக்குள் ஒளிந்துகொள்ளும் பத்து, பதினொன்றிலும் பன்னிரண்டிலும் வெளியே தெரிகிறது. இன்னொரு காலையில், பத்துப் பத்துக் குச்சிகளாக ரப்பர் வளையத்தில் கட்டி ஒன்பது கட்டுகளை வரிசையாக வைத்தவன், ‘நூறு இன்னும் வரவே இல்லை, அப்புறம் ஏன் தொண்ணூறில் நூறு இருக்கிறது?’ என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினேன். ஒவ்வொன்றும் அடுத்து வரப்போகும் பத்து, நூறு, ஆயிரத்தின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது என்று அவனே விரல் வைத்துச் சொன்னபோது மணி பதினொன்றரை. அன்று வேறு பாடம் எதுவும் நடக்கவில்லை. நடக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

புதன்கிழமை வெளியே போகும் நாள். வீட்டில் கற்கும் மற்றக் குடும்பங்கள் பூங்காவில் கூடும். உங்கள் பகுதியிலும் அப்படி ஒரு குழு இருக்கிறதா என்று நூலகத்தில் விசாரியுங்கள். முதல் சில வாரங்கள் பிள்ளைகள் உங்கள் பின்னாலேயே நிற்பார்கள். அதற்காகப் போவதை நிறுத்திவிடாதீர்கள். மொழி ஓடிவருவது அங்கேதான், மேசையருகே அல்ல. வெள்ளிக்கிழமை நூலகம். பிள்ளைகளின் பெயரில் தனித்தனி அட்டை எடுத்து, புத்தகங்களை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். சனிக்கிழமை என் கணவரின் நாள். மிதிவண்டியைக் கழற்றி மாட்டுவதும் செடிகளை அளப்பதும் அவர்களுக்கு அறிவியல்.

நாள்தோறும் இரவில், தேதியிட்டு இரண்டு வரிகள் மட்டும் ஒரு நோட்டில் எழுதிவந்தேன்: என்ன செய்தோம், எங்கே தடுமாறினார்கள். பிற்பாடு கவுன்சிலிலிருந்து பிள்ளைகளின் கல்வி பற்றிக் கேட்டு மடல் வந்தபோது, அந்த நோட்டைப் பார்த்து மூன்று பக்க அறிக்கையை ஒரே நாளில் எழுத முடிந்தது. அப்படிப்பட்ட மடலைக் கண்டு அஞ்ச வேண்டாம், பதில் சொல்லாமலும் விட்டுவிட வேண்டாம்; தகுந்த கல்வி நடக்கவில்லை என்று அவர்கள் முடிவு செய்தால், பள்ளியில் சேர்க்குமாறு ஆணையிடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

உங்களைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். வாரத்தில் ஒரு மாலையாவது பிள்ளைகள் இல்லாத மாலையாக உங்களுக்குக் கிடைக்குமா? நான் முதல் ஆண்டில் அதைக் கேட்கவில்லை. குளிர்காலத்தின் நடுவில், சிறு பிழைக்கும் குரல் உயர்த்தும் ஒருத்தியாக மாறியிருந்தேன். கணவருடன் இதைத் தெளிவாகப் பேசி, எந்த மாலை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்குத் திரும்பலாமா என்றால், எப்போது வேண்டுமானாலும் இடத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் விலக்கிய பள்ளியில் மூத்தவனின் இடம் அவனுக்காக ஒதுக்கி வைக்கப்படாது; வகுப்பு நிறைந்திருந்தால் தொலைவில் உள்ள வேறு பள்ளியே கிடைக்கலாம். ஆகவே வகுப்பாசிரியரிடம் பேசி, அடுத்த பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம் வீட்டிலேயே மூன்று காலைகள் வீதம் நடத்திப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கடிதத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா