இனம் பார்த்துத் தரும் விருது: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். போன மாதம் இங்கே ஒரு மண்டபத்தில் தமிழ் விளையாட்டு வீரர்களுக்கான விருது விழா நடந்தது. மெய்வல்லுநர் பிரிவில் என் மகனுக்கும் ஒரு விருது கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் அவனோடு பயிற்சி எடுக்கும் சிங்கள நண்பன் கேட்டானாம்: "நான் உன்னைவிட வேகமாக ஓடுகிறேன். அந்த விருது எனக்கு ஏன் கிடைக்காது?" மகன் அதை என்னிடம் வந்து கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

யோசித்தால் அந்தப் பிள்ளை கேட்டது சரி என்றுதான் படுகிறது. 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்ந்து தங்கம் வென்றபோது, தாண்டியவர் தமிழரா சிங்களவரா என்று குறுக்குக் கம்பி பார்க்கவில்லை. முரளியின் 800 விக்கெட்டும் அப்படித்தான். பல்கலைக்கழக அனுமதியில் அரசு கொண்டுவந்த தரப்படுத்தலை இனப் பாகுபாடு என்று எதிர்த்த நாங்களே இனம் பார்த்து விருது கொடுக்கலாமா? நாளைக்குச் சிங்களவருக்கு மட்டும் என்று ஒரு விருது வைத்தால் சும்மா இருப்போமா?

– ஒரு வாசகர், கொழும்பு 6

அன்புள்ள நண்பருக்கு,

மகனுக்கு என் வாழ்த்துகள். அந்த நண்பனுக்கும்தான். மனதில் பட்டதை நேரே கேட்கத் தெரிந்த பிள்ளை.

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். கொழும்பில் இனத்தின் பெயர் தாங்கிய விளையாட்டு அமைப்புகள் புதியவை அல்ல. மலே கிரிக்கெட் கழகம் 1872இல் தொடங்கியது. ஐரோப்பிய வழிவந்த பறங்கியருடைய கழகம் 1896இல் வந்தது. சிங்கள விளையாட்டுக் கழகமும் தமிழ் யூனியனும் 1899இல், முஸ்லிம்களின் மூர்ஸ் கழகம் 1908இல். ஆங்கிலேயர் தங்கள் கழகத்தைத் தங்களுக்கென்றே வைத்திருந்த காலம் அது. மற்றவர்கள் ஆளுக்கொரு மைதானம் தேடிக்கொண்டார்கள். பிறகு பெயர்கள் அப்படியே இருக்க, கதவுகள் திறந்தன. முரளி ஆடிய தமிழ் யூனியனுக்காகப் பின்னாளில் ரங்கன ஹேரத்தும் ஆடினார். யாரும் அதை விசித்திரமாகப் பார்க்கவில்லை. ஆக, பெயரில் இனம் இருப்பதாலேயே ஒன்று அநியாயமாகிவிடாது. அதனால் யாருக்காவது எதாவது இல்லாமல் போகிறதா என்றுதான் பார்க்கவேண்டும்.

தரப்படுத்தலோடு ஒப்பிடுவதை நான் ஏற்கமாட்டேன். 1970களின் தொடக்கத்தில் நடந்தது அரசு செய்த வேலை. பல்கலைக்கழக இடங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஒருவருக்குப் போனால் இன்னொருவருக்கு இல்லை. தமிழ் மொழியில் பரீட்சை எழுதிய பிள்ளை கூடுதல் புள்ளி எடுத்தும் வெளியே நின்றது. உங்கள் மகன் வாங்கிய விருதால் யாருடைய இடமும் பறிபோகவில்லை. தேசிய அணியில் இத்தனை பேர் தமிழராக இருக்கவேண்டும் என்று ஒருவர் சொன்னால் அது வேறு விவாதம். அங்கே ஒருவர் உள்ளே வர இன்னொருவர் வெளியே போகவேண்டும்.

அப்புறம் அந்தக் குறுக்குக் கம்பி. அது இனம் பார்க்காது, உண்மை. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்தது எல்லோரும் போட்டியிட்ட பொதுப் போட்டியில்தான். பதக்கத்தை அளவுநாடாவும் கடிகாரமும் தீர்மானிக்கின்றன. விருதை மனிதர்கள் உட்கார்ந்து தெரிவு செய்கிறார்கள். அவர்களுக்கு யாருடைய பெயர் போய்ச் சேர்கிறது, எந்தப் பாடசாலையின் செய்தி பத்திரிகையில் வருகிறது, எந்த மொழிப் பத்திரிகையை அவர்கள் வாசிக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே வேலை செய்யும். முல்லைத்தீவில் இருந்து இரவு பஸ்ஸில் வந்து காலையில் சுகததாச அரங்கில் ஓடும் பிள்ளையும், கொழும்பில் வீட்டில் தூங்கி எழுந்து வரும் பிள்ளையும் ஒரே கோட்டில்தான் நிற்கிறார்கள். ஐந்தாவதாக வந்த பிள்ளை எவ்வளவு தூரம் கடந்து வந்தது என்று முடிவுப் பட்டியலில் இருக்காது. அதைப் பார்க்கக்கூடியவர்கள் பக்கத்தில் இருக்கும் மனிதர்கள்தான். ஒரு சமூகம் தன் கைக்காசைப் போட்டு "நாங்கள் பார்த்தோம்" என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்வதில் எனக்கு எந்தக் குற்றமும் தெரியவில்லை.

ஆனால் கொடுப்பது யார் என்பது முக்கியம். கனடாவின் ஒனொண்டாகா பழங்குடியில் பிறந்தவர் டொம் லோங்போட். 1907இல் பொஸ்டன் மரதனை வென்ற ஓட்டக்காரர். அவர் 1949இல் காலமானார். 1951இல் அவர் பெயரிலேயே பழங்குடி வீரர்களுக்கான விருதுகளை உருவாக்கினார்கள். உருவாக்கியதில் அரசின் பழங்குடியினர் விவகாரப் பிரிவுக்கு முக்கிய பங்கு. பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்தில் இருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் தண்டித்த விடுதிப் பாடசாலைகளும் அதே நிர்வாகத்தின் கீழ்தான் அப்போது இருந்தன. லோங்போட்டே சிறுவயதில் அப்படியொரு பாடசாலையில் இருந்து தப்பி ஓடியவர். ஒரு கையால் பிள்ளையைப் பறித்துக்கொண்டு மறு கையால் விருது நீட்டுவதை எப்படி நியாயம் என்பது? இன்று அதே விருதுகளைப் பழங்குடியினரின் சொந்த விளையாட்டு அமைப்பு வழங்குகிறது. பெயர் மாறவில்லை, பெறுபவர்களும் அதே மக்கள்தான். ஆனால் இப்போது அது அவர்களுடையது.

அதனால்தான் சொல்கிறேன், நாளைக்கு விளையாட்டு அமைச்சு "சிறந்த தமிழ் வீரர்" என்று ஒரு விருதை அறிவித்தால் நான் அதை எதிர்த்து எழுதுவேன். அரசிடம் நாம் கேட்கவேண்டியது மைதானமும் பயிற்றுநரும் நேர்மையான தெரிவும். தனி விருதைக் கையில் தந்துவிட்டு "உங்களுக்கும் ஒன்று கொடுத்தாயிற்றே" என்று கணக்கை மூட இடம் கொடுக்கக்கூடாது.

உங்கள் ஊர் விழாவிலும் எனக்கு உறுத்தும் விஷயங்கள் உண்டு. தமிழர் யார் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? தாய் தமிழ், தகப்பன் சிங்களம் என்றால்? வீட்டில் தமிழ் பேசும் முஸ்லிம் பிள்ளைக்கு இடமுண்டா? பதினைந்து வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பரம்பரை விசாரிக்கும் குழுவில் நான் ஒரு நிமிடமும் இருக்கமாட்டேன். பிள்ளை தன்னைத் தமிழ் என்று சொன்னால் அது போதும்.

இன்னொன்று, கொழும்பில் நாம் நடத்தும் விழாக்களில் மேடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கொழும்பின் பெரிய பாடசாலைகளின் பிள்ளைகள், அதிலும் கிரிக்கெட் ஆடுகிறவர்கள். தர்ஜினி சிவலிங்கத்தை வலைப்பந்தாட்ட உலகமே அறியும். அவரை அழைத்துச் சால்வை போர்த்துவது நமக்குப் பெருமை, அவருக்கு அதனால் புதிதாக ஒன்றும் வரப்போவதில்லை. நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாதையில் சப்பாத்து இல்லாமல் ஓடிப் பழகும் பெண்பிள்ளையை நம் விழாக்குழு ஒருமுறையாவது போய்ப் பார்த்திருக்கிறதா? பொதுவிருது நம்மைக் கவனிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு நாமே மலையகத்தைக் கவனிக்காமல் விட்டால், அந்த விருதுக்கு நான் மேலே சொன்ன நியாயம் ஒன்றும் மிஞ்சாது.

மகனிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: ஓட்டத்தில் நண்பன்தான் முதல், அதை யாரும் மாற்றவில்லை. இது அவனைத் தோற்கடித்து வாங்கியது அல்ல, உன்னை அறிந்தவர்கள் உனக்குத் தந்தது. நண்பனின் ஊரில் அவனுக்கு அப்படியொன்று கொடுத்தால் நீயும் போய்க் கைதட்டு.

விழாக்குழுவுக்கு இப்போதே எழுதுங்கள். அடுத்த வருடம் தோட்டப் பாடசாலைகளின் விளையாட்டு ஆசிரியர்களிடமும் வன்னிப் பாடசாலைகளிடமும் பெயர் கேட்கட்டும், கேடயத்துக்குச் செலவழிப்பதைக் குறைத்துச் சப்பாத்தும் பஸ் காசும் கொடுக்கட்டும். கடிதத்தின் பிரதியை எனக்கும் அனுப்புங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

அன்புடன்.