குண்டான உடம்பு, பி.பி. மாத்திரை, வாட்ச்சில் எச்.ஆர்.வி. 23: நடந்தால் ஏறுமா?

கேள்வியின் சுருக்கம்: வயது 42, உயரம் 168 செ.மீ., எடை 92 கிலோ, வீடு தண்டையார்பேட்டை, மூன்று வருடமாக பி.பி. மாத்திரை. வாட்ச் எச்.ஆர்.வி. (இதயத் துடிப்பு இடைவெளியின் ஏற்ற இறக்கம்) 23 என்கிறது. கூட வேலை செய்யும் அதே வயது நண்பருக்கு 61. இதயம் கெட்டுவிட்டதா, உடற்பயிற்சி செய்தால் இது ஏறுமா?

ஏறும். ஆனால் 61-ஐக் குறிவைத்து ஓடாதீர்கள். உங்கள் 23 அடுத்த மூன்று மாதத்தில் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் உங்களுக்கு உதவும் தகவல்.

அந்த 23 எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் இதயம் கடிகாரம் மாதிரி ஒரே சீராக அடிக்கிறது என்று நினைப்போம். உண்மையில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளி மில்லி விநாடிக் கணக்கில் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். உங்களுக்கு அடுத்தடுத்த நான்கு இடைவெளிகள் 860, 842, 871, 850 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசங்கள் 18, 29, 21. இவற்றை வர்க்கமாக்கி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் பார்த்தால் 23. நண்பருக்கு 900, 960, 890, 940 என்றால் வித்தியாசங்கள் 60, 70, 50. அதே கணக்கில் 61. இதற்கு ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. என்று பெயர். கார்மின், ஃபிட்பிட் எல்லாம் இதைத்தான் காட்டுகின்றன. ஆப்பிள் வாட்ச் காட்டுவது எஸ்.டி.என்.என். என்ற வேறு கணக்கு. உங்கள் வாட்ச் ஒன்று, அவர் வாட்ச் வேறொன்று என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே தப்பு. ஒரே வாட்ச் என்றாலும், பிறவியிலேயே ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். வயது ஏற ஏற எல்லோருக்குமே இறங்கும்.

இந்த ஏற்ற இறக்கத்தின் பெரும்பகுதி வேகஸ் நரம்பின் வேலை. எந்த நரம்பின் பிடியும் இல்லாமல் விட்டால் இதயம் தானாக நிமிடத்துக்கு 100 தடவை அளவில் அடிக்கும். அதை 65, 70-க்கு இழுத்துப் பிடிக்கும் பிரேக் வேகஸ். இந்த பிரேக் ஒரே துடிப்புக்குள் பிடித்துவிடும், விட்டும் விடும். ஆக்ஸிலரேட்டர் மாதிரி வேலை செய்யும் சிம்பதெடிக் நரம்பு மெதுவானது, அதன் விளைவு தெரியச் சில விநாடிகள் ஆகும். அதனால் துடிப்புக்குத் துடிப்பு வித்தியாசம் நிறைய இருந்தால் பிரேக் நன்றாக இருக்கிறது என்று பொருள். கையாலேயே உணரலாம்: மணிக்கட்டில் கட்டை விரல் பக்கமாக இரண்டு விரலை வைத்து நாடி பாருங்கள். மூச்சை நிதானமாக இழுக்கும்போது நாடி கொஞ்சம் வேகம் பிடிக்கும், விடும்போது தளரும். இருபது வயதுப் பையனிடம் இது பளிச்சென்று தெரியும். 23 உள்ளவரிடம் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

உங்கள் எடைக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 32.6. நம் ஊர் உடம்புக்கு 25-லேயே பருமன் கணக்கு தொடங்கிவிடுகிறது. ஆனால் தராசை விட இன்ச் டேப்பை நம்புங்கள்: ஆண்களுக்கு இடுப்பளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் ரத்தத்தில் கூடுகிறது. கொழுப்புத் திசுவிலிருந்து லெப்டின் என்ற ஹார்மோன் கூடுதலாக வருகிறது. இரண்டும் சிம்பதெடிக் நரம்பை உசுப்பிவிடும். ஆக்ஸிலரேட்டரில் எப்போதும் கால் வைத்தபடி ஓடும் வண்டி மாதிரி ஆகிவிடுகிறது: ஓய்வு நாடி ஏறும், எச்.ஆர்.வி. இறங்கும், சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பி.பி. ஏறும்.

இந்த இடத்தில் வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு விஷயம் கேளுங்கள். நீங்கள் பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் சத்தமே இல்லாமல் நின்று, திடீரென்று மூச்சு முட்டி எழுவது போல் இருக்கிறதா? காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம் வருகிறதா? ஆம் என்றால் தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறாக இருக்கலாம். இரவு முழுக்க ஆக்சிஜன் இறங்கி ஏறி, ஒவ்வொரு தடவையும் சிம்பதெடிக் நரம்பு அலறும். மூன்று மாத்திரை போட்டும் பி.பி. அடங்காதவர்கள் பலருக்குப் பின்னால் இருப்பது இதுதான். இதைக் கவனிக்காமல் எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் இரவு எச்.ஆர்.வி. சரியாக ஏறாது.

பி.பி.க்கும் எச்.ஆர்.வி.க்கும் உள்ள உறவு இரண்டு பக்கமும் ஓடுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் அழுத்தம் பார்க்கும் உணரிகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் தமனிச் சுவர் விரியும், உணரி சேதி அனுப்பும், வேகஸ் பிரேக் போடும். வருடக்கணக்கில் பி.பி. இருந்தால் சுவர் விறைத்துப்போகும், விரிவது குறையும், சேதி மங்கும், பிரேக்கும் மந்தமாகும். மறுபக்கம், அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம், ஏரிக் போன்ற நீண்டகால ஆய்வுகளில், பி.பி. இல்லாத காலத்திலேயே எச்.ஆர்.வி. குறைவாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் பி.பி. வருவது கூடுதலாக இருந்தது. ஃபிராமிங்ஹாமில் இது ஆண்களிடம் தெரிந்தது.

மாத்திரையும் இந்த எண்ணை மாற்றும். அட்டினலால், மெட்டோப்ரோலால் வகை நாடியைக் குறைத்து எச்.ஆர்.வி.யை ஏற்றிக் காட்டும். அம்லோடிபின் சிலருக்கு ஆரம்பத்தில் நாடியைக் கொஞ்சம் ஏற்றும். அதனால் டாக்டர் மாத்திரை மாற்றிய தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒன்றாகக் கலக்காதீர்கள். எச்.ஆர்.வி. ஏறிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. அட்டினலால், மெட்டோப்ரோலாலைத் திடீரென்று விட்டால் பி.பி.யும் நாடியும் எகிறும், நெஞ்சு வலியே வரலாம். மாத்திரை தீர்ந்து வாங்கப் போக முடியவில்லை என்றால், 2021-லிருந்து நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இனி பயிற்சி. ஓய்வில் இருக்கும்போதே பி.பி. 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். மற்றபடி சமதரையில் 15 நிமிடத்தில் ஆரம்பியுங்கள். ஒரு நிமிடத்துக்கு 100 காலடி என்பது நடுத்தர வேகம். 30 விநாடி எண்ணினால் 50 வர வேண்டும். பேச முடியும், பாட முடியாது என்ற அளவு மூச்சு வாங்கினால் சரி. வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி, நான்காவது வாரம் 30 நிமிடம், வாரத்தில் 5 நாள் என்று நிறுத்துங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் அதுதான். 220-லிருந்து வயதைக் கழித்து நாடி இலக்கு வைக்கும் கணக்கு அட்டினலால் போடுபவருக்கு ஒத்துவராது. நாடி அந்த உயரத்துக்கு ஏறாது, எட்ட முயன்றால் மூச்சுதான் திணறும். கடைசி 5 நிமிடம் வேகத்தைக் குறைத்து நடந்து நிறுத்துங்கள். பயிற்சிக்குப் பிறகு சில மணி நேரம் பி.பி. இறங்கியிருப்பது நல்ல விளைவுதான், ஆனால் சட்டென்று நின்றால் தலை சுற்றும்.

இதோடு வாரத்தில் 3 நாள் சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கி, நாற்காலி இல்லாமல் உட்காருவது போல் நில்லுங்கள். 2 நிமிடம் நிற்பது, 2 நிமிடம் ஓய்வு, மொத்தம் 4 தடவை. அசையாமல் தசையை இறுக்கும் பயிற்சிகள் பி.பி.யை நன்றாகவே இறக்குகின்றன. 92 கிலோவுக்கு ஆரம்பத்தில் 30 விநாடி, அதுவும் கொஞ்சமாக மடக்கினால் போதும். மூச்சை அடக்கக் கூடாது. அடக்கினால் அந்த நேரத்தில் பி.பி. மளமளவென்று ஏறும். முழங்கால் வலித்தால் மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கித் தினமும் போடாதீர்கள். டைக்ளோஃபெனாக் போன்றவை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி பி.பி.யை ஏற்றும். நடக்கிறேன், ஆனாலும் பி.பி. ஏறுகிறது என்பவர்களிடம் முதலில் விசாரிக்க வேண்டியது இதை.

முதல் இரண்டு வாரம் எச்.ஆர்.வி. இறங்கினால் பயப்பட வேண்டாம். பயிற்சி நேரத்தில் வேகஸ் விலகிக்கொள்ளும். கடுமையாகச் செய்தால் திரும்பி வர ஒன்றிரண்டு நாள்கூட ஆகும். 8 முதல் 12 வாரத்தில்தான் ஓய்வு நேர எண் நகரும். 23 என்பது 28, 30 ஆனாலே அது பெரிய விஷயம். எடை 5 சதவீதம், அதாவது நாலரைக் கிலோ குறைந்தால் சேர்ந்து ஏறும். கிலோவுக்குச் சுமார் 1 பாயின்ட் பி.பி.யும் இறங்கும். உப்பு நாளுக்கு 5 கிராம்தான் கணக்கு. காசிமேட்டுக் கருவாட்டை எத்தனை தண்ணீரில் அலசினாலும் உப்பு முழுதாகப் போகாது. மீனாகவே வாங்கிக் குழம்பு வையுங்கள்.

எங்கே நடப்பது என்பது வடசென்னையில் சின்ன விஷயமில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை பக்கத்தில் நடந்தால், டீசல் புகையின் நுண்துகளே எச்.ஆர்.வி.யை இறக்கிவிடலாம். ராயபுரம் ராபின்சன் பூங்கா, பெரம்பூர் முரசொலி மாறன் பூங்கா மாதிரி இடம், இல்லையென்றால் லாரி நுழையாத உள்தெரு. போகிப் புகை மூட்டத்தன்று வீட்டுக்குள்ளேயே சுவர்ப் பயிற்சி போதும். ஹார்பர், கம்பெனி நைட் டூட்டி என்றால் பகலில் தூங்கி எழுந்த பிறகு நடங்கள். டூட்டி முடித்த கையோடு வேண்டாம்.

அளப்பது இப்படி. தூங்கி எழுந்து, பாத்ரூம் போய்விட்டு, டீக்கும் சிகரெட்டுக்கும் முன்னால், ஒரே இடத்தில் 5 நிமிடம் அசையாமல் உட்காருங்கள். துடிப்பை அளக்க மார்பில் கட்டும் பட்டை இருந்தால் நல்லது. அந்த நேரத்தில் வேண்டுமென்றே மூச்சை இழுத்து விடாதீர்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு என்று விட்டால் எண் தாறுமாறாக ஏறிக் காட்டும். அந்த மூச்சுப் பயிற்சி நல்லதுதான், வேறு நேரத்தில் செய்யுங்கள். ஒருநாள் எண்ணைப் பார்க்காமல் 7 நாள் சராசரியைப் பாருங்கள். முந்தின இரவு குடித்திருந்தாலோ காய்ச்சல் என்றாலோ தூக்கம் கெட்டிருந்தாலோ நிச்சயம் இறங்கும்.

எண் திடீரென்று 23-லிருந்து 80, 100 என்று குதித்தால் சந்தோஷப்படாதீர்கள். நாடியைத் தொட்டுப் பாருங்கள். ஒழுங்கே இல்லாமல் தாறுமாறாக அடித்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறு) இருக்கலாம், பி.பி.யும் பருமனும் உள்ளவர்களுக்கு அது வர வாய்ப்பு அதிகம், பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். அன்றைக்கே ஸ்டான்லியிலோ பக்கத்து ஆஸ்பத்திரியிலோ ஈ.சி.ஜி. எடுங்கள். நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், மயக்கம் சேர்ந்தால் 108.

டாக்டரிடம் போகும்போது வாட்ச் ஸ்க்ரீன்ஷாட்டை விட வீட்டு பி.பி. நோட்டைக் கொண்டுபோங்கள்: 7 நாள், காலையும் மாலையும், 5 நிமிடம் முதுகு சாய்த்து உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால், எச்.ஆர்.வி. எவ்வளவு ஏறியிருந்தாலும் உங்கள் மாத்திரை அளவை டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும்.