ஸ்போர்ட்ஸ் காரை விற்றாச்சு, அந்த ருசி போகாமல் இருக்க 10 லட்சத்துக்குள் எதை வாங்கலாம்?

பாளையங்கோட்டையில் இருக்கிறீர்கள், இரண்டு பேர் உட்காரும் காருக்குப் பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் சொல்வது பழைய ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டிஎஸ்ஐ (1 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின்), 6 கியர் மேனுவல்.

நாற்கரச் சாலையில் நாகர்கோவில் பக்கம் போனால் எந்தக் காரும் வேகமாகத்தான் போகும். செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவில் ஏறிப் பாருங்கள், அங்கேதான் வித்தியாசம் தெரியும். எதிரே லாரி இறங்கிக்கொண்டிருக்கும், நீங்கள் இரண்டாவது கியரில் இருப்பீர்கள். அங்கே 300 குதிரைத்திறனுக்கு வேலையே இல்லை. எடை குறைவான வண்டி, நேர்மையான ஸ்டீயரிங், கீழேயிருந்தே இழுக்கும் இன்ஜின், இவைதான் சந்தோஷம். போலோவில் 110 பிஎஸ் (குதிரைத்திறன்), 175 நியூட்டன் மீட்டர் இழுவிசை, தாராளம். நம் ஊர் வேகத்தடைகளிலும் அடி தட்டுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே குறை, 2022-இல் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதனால் பழசுதான் கிடைக்கும், சர்வீஸ் ரெக்கார்டு இல்லாத வண்டியைத் தொடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. நான்கு டயரிலும் எண் வேறு வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அப்புறம், இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

டர்போ வேண்டாம், செலவு இன்னும் குறைய வேண்டும் என்றால் ஸ்விஃப்ட் மேனுவல். சுமார் 900 கிலோதான். வளைவில் துள்ளும், உதிரிபாகம் வண்ணார்பேட்டையிலேயே கிடைக்கும்.