76 புள்ளியும் போதாத லீக்

வணக்கம்.

கால்பந்து பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இதுவரை இங்கிலாந்து பிரீமியர் லீக் மட்டுமே பார்த்துவந்தேன். சமீபத்தில் ஸ்காட்லாந்தின் நான்காம் படியான லீக் டூவின் பழைய அட்டவணைகளைப் புரட்டியபோது 2017-18 சீசன் குழப்பிவிட்டது. பீட்டர்ஹெட் 76 புள்ளி எடுத்து இரண்டாவதாக வந்தும் மேலே போகவில்லை. வெகுவாகப் பின்தங்கி நான்காவதாக வந்த ஸ்டென்ஹவுஸ்மியூர் போயிருக்கிறது. இது என்ன நியாயம்? ஜனவரி, பிப்ரவரியில் ஏன் இத்தனை ஆட்டங்கள் தள்ளிப்போகின்றன? ஒரு சீசன் முழுக்க இந்த லீகைப் பின்தொடர வேண்டுமானால் எதைக் கவனிக்க வேண்டும்?

செந்தில்குமார், ஈரோடு

அன்புள்ள செந்தில்குமார்,

நியாயம் இல்லைதான். ஆனால் விதி அப்படி.

ஸ்காட்லாந்தின் லீக் அமைப்பில் 42 கிளப்புகள். மேலே பிரீமியர்ஷிப்பில் 12. அதன்கீழ் சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று தலா 10. லீக் டூவில் ஒவ்வோர் அணியும் மற்ற ஒன்பது அணிகளோடும் நான்கு முறை மோதும். சொந்த மைதானத்தில் இரண்டு, வெளியே இரண்டு, ஆக மொத்தம் 36 ஆட்டங்கள். முதலிடத்துக்கு மட்டும் நேரடி ஏற்றம். இரண்டாம், மூன்றாம், நான்காம் அணிகளும் லீக் ஒன்னில் ஒன்பதாவதாக வந்த அணியும் மே மாதம் பிளே-ஆஃப் ஆடும். அரையிறுதியில் மேலிருந்து வரும் ஒன்பதாம் அணிக்கு லீக் டூவின் நான்காம் அணி, இரண்டாவதற்கு மூன்றாவது. ஒவ்வொரு மோதலும் இரண்டு ஆட்டம். கணக்கு சமனானால் கூடுதல் நேரம், பிறகு பெனால்டி.

இதில் இரண்டாம் இடத்துக்குக் கிடைக்கும் சலுகை ஒன்றே ஒன்று: இரண்டு ஆட்டங்களில் பிந்தியது சொந்த மைதானத்தில் நடக்கும். அந்த ஆண்டு மான்ட்ரோஸ் 77, பீட்டர்ஹெட் 76. முந்தைய ஆண்டு ஆர்பிரோத் 66 புள்ளியில் பட்டமே வாங்கியிருந்தது. அதைவிடப் பத்துப் புள்ளி கூடுதலாக எடுத்த பீட்டர்ஹெட்டுக்கு மிஞ்சியது மே மாதத்து நான்கு ஆட்டங்கள். ஸ்டென்ஹவுஸ்மியூர் முதலில் லீக் ஒன்னின் குவீன்ஸ் பார்க்கை வீழ்த்திக் கீழே தள்ளியது, பிறகு இறுதியில் பீட்டர்ஹெட்டை. பீட்டர்ஹெட் அடுத்த ஆண்டு 79 புள்ளியோடு முதலிடம் பிடித்துத்தான் மேலே போனது.

பிளே-ஆஃப் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பத்தே அணிகள் உள்ள பிரிவில் ஒருவர் மட்டும் ஏறுவார் என்றால், பிப்ரவரியிலேயே பாதி அணிகளுக்கு ஆட எதுவும் இருக்காது. நான்காம் இடம் வரை கதவைத் திறந்து வைத்தால் ஏழாவது அணிகூட ஏப்ரல் வரை கணக்குப் போடும். நுழைவுக் கட்டணத்தை நம்பிப் பிழைக்கும் கிளப்புக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் விலையும் உண்டு. பிரெக்கின் சிட்டியைப் பாருங்கள். 2016-17இல் லீக் ஒன்னில் நான்காவதாக வந்து, இதே முறையிலான பிளே-ஆஃபில் அலோவாவைப் பெனால்டியில் வென்று சாம்பியன்ஷிப்புக்குப் போனது. அடுத்த சீசனில் 36 லீக் ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. நான்கு டிரா, 32 தோல்வி, 4 புள்ளி. 2018இல் இறங்கியது, 2019இல் மறுபடி இறங்கியது. 2020இல் லீக் டூவின் கடைசி இடத்தில் இருந்தபோது கொரோனா சீசனை நிறுத்தியதால் தப்பியது. 2021 மே மாதம் கெல்ட்டி ஹார்ட்ஸிடம் தோற்று 42 கிளப்புகளின் பட்டியலைவிட்டே வெளியேறியது. ஏற்றம் கிடைத்த நாளிலிருந்து நான்கே ஆண்டுகள். மேல்பிரிவில் முழுநேர அணிகளைப் பகுதிநேர ஆட்டக்காரர்களைக் கொண்டு எதிர்கொண்டால் தோல்வி பழகிவிடும், ஆட்டக்காரர்கள் விலகுவார்கள். அடுத்த பிரிவுக்கு இறங்கினாலும் அந்தச் சரிவு தானாக நிற்பதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று அட்டவணையின் அடிப்பகுதி. என் கணக்கில் இந்த லீகின் உண்மையான சூடு அங்கேதான். 2014-15 சீசன் முதல் கடைசி இடத்துக்குப் பாதுகாப்பு இல்லை. 2025 வரையிலான முறைப்படி, அடுத்த படியில் இருந்த இரண்டு வட்டார லீக்குகளான ஹைலேண்ட் லீக்கின் சாம்பியனும் லோலேண்ட் லீக்கின் சாம்பியனும் முதலில் மோதினார்கள். வென்றவர் லீக் டூவின் பத்தாம் அணியோடு இரண்டு ஆட்டம் ஆடினார். முதல் ஆண்டில் மான்ட்ரோஸ், பிரோரா ரேஞ்சர்ஸிடமிருந்து 3-2 என்று மயிரிழையில் தப்பியது. மூன்றே ஆண்டில் பட்டம் வென்ற அதே மான்ட்ரோஸ்தான். 2016இல் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர், எடின்பரோ சிட்டியிடம் தோற்று இந்த வழியில் வெளியேறிய முதல் கிளப் ஆனது. கவ்டன்பீத் 2017இல் பெனால்டியிலும் 2018இல் ஒரே கோலிலும் பிழைத்து, 2022இல் பானிரிக் ரோஸிடம் வீழ்ந்தது. 2019இல் பெரிக் ரேஞ்சர்ஸ், கோவ் ரேஞ்சர்ஸிடம் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து 7-0 என்று தோற்று வெளியேறியது. (பெரிக் நகரம் இங்கிலாந்தில் இருக்கிறது, கிளப் ஆடுவது ஸ்காட்லாந்தில்.) 2023இல் ஆல்பியன் ரோவர்ஸ் போனது. இவற்றில் ஒன்றுகூட 2025 வரை திரும்பி வரவில்லை.

ஆகவே பத்தாம் இடம் என்பது ஓர் ஆண்டுத் தண்டனையாக முடிவதில்லை. அதைத் தவிர்க்கப் புள்ளிக் கணக்கு மட்டும் பார்த்தால் போதாது. 2024-25இல் பானிரிக் ரோஸுக்கு 6 புள்ளி வெட்டினார்கள். காரணம், மைதானத்தின் சரிவு விதியில் சொன்ன அளவை மீறியிருந்தது! அந்த சீசனில் கடைசியாக வந்து, ஈஸ்ட் கில்பிரைடிடம் தோற்று அதுவும் கீழே போனது.

இனி பனி. டிசம்பர் கடைசியில் பீட்டர்ஹெட்டில் உச்சிவேளையிலும் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 9 டிகிரிதான் ஏறும். தெற்குப் பக்கம் பார்வையாளர் கட்டடம் இருந்தால் அதன் நிழல் விழும் பட்டையில் நாள் முழுக்க வெயிலே படாது. மைதானத்தின் மற்ற பகுதி இளகிக் கிடக்கும், அந்தப் பட்டை மட்டும் கல்லாக இருக்கும். ஆட்டத்தைத் தள்ளிவைக்க அந்த ஒரு மூலை போதும். இன்னொரு வகை ஏமாற்று: மேல்மண் இளகி ஈரமாகத் தெரியும், இரண்டு விரற்கடை கீழே உறைந்தே இருக்கும். தண்ணீர் இறங்காது, பூட்ஸின் குமிழும் பிடிக்காது. கணுக்கால் போவது இங்கேதான். உறைபனி விரிப்புகள் ஓரிரு இரவுக்குக் காப்பாற்றும். ஒரு வாரம் தொடர்ந்து உறைந்தால் பயனில்லை, அதன்மேல் பனி கொட்டிவிட்டால் விரிப்பை நகர்த்துவதே பெரும்பாடு. பெரிய கிளப்புகள் தரைக்கடியில் வெப்பக்குழாய் பதித்திருக்கின்றன, லீக் டூ கிளப்புக்கு அது கட்டுப்படியாகாது.

செயற்கைப் புல் பல கிளப்புகளுக்குக் கைகொடுத்தது. மான்ட்ரோஸ், ஃபார்ஃபர், அன்னன், ஸ்டென்ஹவுஸ்மியூர் எல்லாம் அந்த வழிக்கு வந்தவை. மழை நீர் தேங்காது, வாரநாட்களில் உள்ளூர்ச் சிறுவர் அணிகளுக்கு வாடகைக்கு விட்டுக் காசும் பார்க்கலாம். ஆனாலும் அது பனிக்கு முழு விடை ஆகாது. இடையில் தூவிய ரப்பர்த் துகள் உறைந்து இறுகும். பனியை இரும்பு மண்வெட்டியால் வழித்தால் இழை கிழியும், துகளும் சேர்ந்து போய்விடும்.

முடிவெடுக்கும் முறை இப்படி: சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு ஆட்டம் என்றால் வெளியூர் அணியின் பஸ் காலை எட்டு, ஒன்பதுக்கே கிளம்ப வேண்டும். அதற்குமுன் பக்கத்து ஊர் நடுவர் ஒருவர் வந்து தரையைப் பார்ப்பார். அவர் சரி என்றாலும் இறுதி முடிவு ஆட்ட நடுவருடையது. காலையில் தேறிய மைதானம் மதியம் ஒன்றரைக்கு விழுவதுதான் மிகக் கொடுமை. பஸ் செலவு போனது போனதுதான். 2018 பிப்ரவரி இறுதியில் கிழக்கிலிருந்து வந்த பனிப்புயலுக்கு நடு ஸ்காட்லாந்தில் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தார்கள், அப்போது காலைச் சோதனைக்குக்கூட வேலை இருக்கவில்லை. பழைய சாதனைகளும் உண்டு. 1963 குளிர்காலத்தில் ஏர்ட்ரி–ஸ்ட்ரான்ரேர் கோப்பை ஆட்டம் 33 முறையும், 1979இல் இன்வர்னஸ் திசில்–ஃபால்கர்க் ஆட்டம் 29 முறையும் தள்ளிப்போயின.

தள்ளிப்போன லீக் ஆட்டம் பெரும்பாலும் ஒரு செவ்வாய்க்கிழமை இரவில் போய் உட்காரும். சீசனின் முடிச்சு அங்கே இருக்கிறது. இந்த ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள்: தச்சர், எலக்ட்ரீஷியன், ஆசிரியர். செவ்வாய், வியாழன் மாலைகளில்தான் பயிற்சி. தெற்கு எல்லையோரத்து அன்னனிலிருந்து வடகிழக்குக் கடலோரத்துப் பீட்டர்ஹெட் ஒரு வழிக்கே 350 கிலோமீட்டருக்கு மேல். இரவு ஏழே முக்கால் ஆட்டத்துக்கு மதியமே கிளம்ப வேண்டும், வீடு திரும்ப விடிகாலை ஆகும், காலை மறுபடி வேலை. விடுப்பு கிடைக்காதவர் வரமாட்டார். மாற்று வரிசையில் பதினேழு வயதுப் பையன்கள் உட்காருவார்கள். மூன்று வாரம் தொடர்ந்து சனி, செவ்வாய் என்று ஆடினால் செவ்வாய்ப் பயிற்சியே இல்லை. கார்னர் கிக்கில் யார் யாரைக் காப்பது என்பது முதலில் குலையும். மார்ச்சில் ஓர் அணி திடீரென்று கார்னரில் கோல் வாங்க ஆரம்பித்தால் பயிற்சியாளரைத் திட்டுவதற்குமுன் அதன் செவ்வாய்க்கிழமைகளை எண்ணிப் பாருங்கள்.

பின்தொடர்வதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜூலையின் லீக் கோப்பைக் குழு ஆட்டங்களைப் பெரிதாக எடுக்க வேண்டாம். ஆளுக்கு நான்கு ஆட்டம், டிரா ஆனால் பெனால்டி அடித்து வெல்பவருக்கு ஒரு புள்ளி கூடுதல். பெரிய கிளப்புகள் அப்போது உடம்பைத் தயார்செய்துகொண்டிருக்கும். ஆகஸ்டிலிருந்து லீக்கின் ஒவ்வொரு ஒன்பது ஆட்டத்தையும் ஒரு கால்பகுதியாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு கால்பகுதியில் எல்லா எதிரணிகளையும் ஒரு முறை சந்தித்து முடித்திருப்பார்கள். அணிப்பட்டியலில் சிலசமயம் பெயருக்குப் பதில் 'டிரையலிஸ்ட்' என்று இருக்கும், ஒப்பந்தம் இல்லாமல் சோதித்துப் பார்க்கப்படுபவர். அவர் நன்றாக ஆடினால் அடுத்த வாரம் பெயர் வரும்.

ஜனவரியில் பெரிய கிளப்புகள் லோனில் (தற்காலிகக் கடனாக) தந்த இளைஞர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். அதுவரை பத்துக் கோல் அடித்தவர் போய்விட்டால் அந்த அணியின் அட்டவணை நிலை பழைய செய்திதான். பிப்ரவரிக்குப் பிறகு புள்ளிக்கு முன்னால் 'ஆடியவை' என்ற கட்டத்தைப் படியுங்கள். மூன்று ஆட்டம் மிச்சம் வைத்திருக்கும் அணிக்கு அது ஒன்பது புள்ளி என்று வர்ணனையாளர்கள் சொல்வார்கள். அந்த மூன்றும் செவ்வாய் இரவா, அவற்றில் வடகோடி ஊர்களுக்கு நீண்ட பயணம் உண்டா என்று பார்த்தால் நான்கு புள்ளி தேறினாலே அதிகம் என்று தெரியும்.

ஏப்ரலில் அந்தக் கீழ்ப்படிச் சாம்பியன்கள் மோதும் ஆட்டங்களின் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். லீக் டூ இன்னும் முடியாத நிலையிலேயே அவை நடக்கலாம். கடைசி இடத்தில் இருக்கும் அணி, தன்னைத் தேடி வருவது யார் என்று தெரிந்த பிறகும் லீக் ஆடிக்கொண்டிருக்கும்.