வேளாண் டிப்ளமோவோடு ஜெர்மன் பண்ணைக்கு வரலாமா?

தம்பி, வேளாண் டிப்ளமோ முடித்தவன் ஜெர்மனியில் மூன்றாண்டு ‘அவுஸ்பில்டுங்’ தொழிற்பயிற்சிக்கு வந்தால் படித்ததையே மறுபடி படிப்பதாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே சந்தேகத்தோடுதான் ஜெர்மனியின் வடகோடி மாநிலமான ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைனில் ஒரு பால் பண்ணைக்கு வந்து சேர்ந்தேன். மண்ணியல், உழவியல், பூச்சியியல் எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். அந்தக் கர்வம் முதல் மார்ச் மாதமே இறங்கிவிட்டது.

“அந்த ஆறு ஹெக்டேர் மக்காச்சோள நிலத்துக்கு எத்தனை டேங்கர் சாணக் கரைசல் வேண்டும்?” என்று பண்ணைக்காரர் கேட்டார். நான் தழைச்சத்து (நைட்ரஜன்) சுழற்சியை விளக்கத் தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, எத்தனை டேங்கர்?” என்றார்.

ஆய்வக அறிக்கைப்படி கன மீட்டருக்கு 4 கிலோ தழைச்சத்து. ஹெக்டேருக்கு 25 கன மீட்டர் விட்டால் 100 கிலோ. மொத்தம் 150 கன மீட்டர். 15 கன மீட்டர் டேங்கரில் பத்து நடை. அதோடு முடிந்ததா? இயற்கை உரத்தின் வழியாக ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சராசரியாக 170 கிலோ தழைச்சத்துக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. தரை உறைந்திருந்தால் இறைக்கவே கூடாது. ஓடைக்கரையில் இடைவெளி விட வேண்டும். ஈர மண்ணில் அத்தனை கனமான வண்டி ஏறினால் நிலம் இறுகிப்போகும். அவர் மண்வெட்டியால் ஒரு கட்டியைப் பெயர்த்து, உடைத்து, முகர்ந்து பார்த்த பிறகுதான் வண்டியை வயலில் இறக்கினார். இதில் எந்த இடத்தில் மண்ணியல் முடிந்து சட்டம் தொடங்குகிறது என்று எனக்கு இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியாது. நாம் ஊரில் தனித்தனித் தாள்களாக எழுதித் தேறியவை இங்கே ஒரே காலைப் பொழுதில் வந்து நிற்கும். உங்களுக்குப் புதிதாக இருக்கப்போவது அதுதான். பாடம் பெரும்பாலும் தெரிந்ததே. முன்படிப்பைக் காட்டி விண்ணப்பித்துப் பயிற்சிக் காலத்தைக் குறைக்கவும் வழி உண்டு. ஆனால் முதல் ஆண்டிலேயே அதற்கு அவசரப்படாதீர்கள்.

ஜெர்மன் மொழிக்கு பி1 எனும் இடைநிலைச் சான்றிதழ் பொதுவாகக் கேட்பார்கள். அதை வாங்கிக்கொண்டு வந்தாலும், வடக்கே முதியவர்கள் தங்களுக்குள் பேசும் தாழ்ஜெர்மன் என்ற வட்டார மொழி முதல் ஆறு மாதம் காதில் ஏறாது. கவலை வேண்டாம், மாடுகளுக்கும் நம் தமிழ் புரியாது.

பயிற்சியில் செய்த வேலைகளை வாரந்தோறும் எழுதிவைக்கும் குறிப்பேட்டை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். அது இல்லாமல் இறுதித் தேர்வுக்கு அனுமதி கிடையாது. என் முதல் பண்ணையில் நான்கு மாதம் கன்றுக் கொட்டில் கழுவும் வேலையே கொடுத்தார்கள். பயிற்சி ஆலோசகரிடம் முறையிட்டபோது அந்த ஏட்டைத்தான் நீட்டினேன். பதினாறு வாரங்களுக்கும் ஒரே வரி எழுதியிருந்தது. அடுத்த ஆண்டே பண்ணை மாறினேன். இங்கே பயிற்சி பெறுபவர்கள் ஆண்டுக்கு ஒரு பண்ணை மாறுவது வழக்கம்தான். ஒன்று பால் பண்ணை, இன்னொன்று பயிர்ப் பண்ணை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பக் கடிதத்தில் மதிப்பெண்ணைப் பின்னால் தள்ளிவிட்டு, நீங்கள் ஓட்டிய டிராக்டர், கறந்த மாடு, கழற்றி மாட்டிய பம்பு செட் இவற்றை முன்னால் எழுதுங்கள்.